‘ஏர் எடுக்குது’: இன்டேக் கேஸ்கட் கசிவும் வீட்டுப் பழுதுபார்ப்பும்

வண்டி நன்றாகச் சூடேறிய பிறகும் ஐடிலிங் நிலைகொள்ளாமல் ஏறி இறங்குகிறது. சிக்னலில் நின்றால் நடுங்குகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தும் ரேஸிங் உடனே இறங்க மறுக்கிறது. இப்படி ஒரு வண்டியைச் சென்னைப் பக்கம் அம்பத்தூர் ஓ.டி. முதல் பட்டாபிராம் வரை சி.டி.எச். சாலையில் எந்த மெக்கானிக்கிடம் காட்டினாலும், பானெட்டுக்குள் குனிந்து சற்று நேரம் கேட்டுவிட்டு, “ஏர் எடுக்குது சார்” என்பார். அந்த இரண்டு சொற்களில் பிரச்சினை முழுதும் அடங்கியிருக்கிறது. ஆனால் எங்கே எடுக்கிறது என்பதை அந்தச் சொற்கள் சொல்வதில்லை. பணமும் நேரமும் வீணாவது அந்த ‘எங்கே’ என்ற கேள்வியைத் தாண்டிக் குதிப்பதால்தான்.

இன்டேக் கேஸ்கட் என்பது காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய அடைப்பு. பட்டறையில் இதற்குப் பேர் ‘பேக்கிங்’. பெட்ரோல் எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்கள் இழுக்க இழுக்க மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தம் வெளி அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே கேஸ்கட்டில் சின்ன விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று அதன் வழியே பாய்ந்து உள்ளே போகும். எண்ணெயோ தண்ணீரோ வெளியே சொட்டினால் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கசிவோ உள்நோக்கிப் போவது. தரையில் ஒரு சொட்டும் விழாது. அதனால்தான் இது இத்தனை பேரைக் குழப்புகிறது.

எவ்வளவு சின்னக் கசிவு எவ்வளவு தொல்லை தரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 800 சிசி எஞ்சின் ஒன்று 800 ஆர்.பி.எம்.மில் ஐடிலிங்கில் ஓடினால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 லிட்டர் வெளிக்காற்றை இழுக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள துளை வழியே அந்த வெற்றிடத்தில் நிமிடத்துக்குச் சுமார் 8 லிட்டர் காற்று நுழையும். பென்சில் முனை நுழையாத இடைவெளி, எஞ்சின் மூச்சில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் திருடிக்கொள்கிறது. பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அந்தக் கணக்கு இங்கே குலைகிறது. அதே வண்டி வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஓடும்போது எஞ்சினுக்கு வேண்டிய காற்று ஐந்தாறு மடங்காகிவிடும். துளை வழியே வருவதோ கூடுவதில்லை. அதனால்தான் ஐடிலிங்கில் அழுகிற வண்டி நெடுஞ்சாலையில் ஒழுங்காகப் போகிறது. நோயைக் கண்டுபிடிக்க இந்த வேறுபாடுதான் முதல் துப்பு. அதைப் பிறகு பயன்படுத்துவோம்.

திருமுல்லைவாயிலில் என் பழைய காருக்கு இந்தக் கோளாறு வந்தபோது, ஒரு பட்டறையில் ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றினார்கள். பிறகு இன்ஜெக்டர் கிளீனிங். பிறகு ஆக்சிஜன் சென்சார். மூன்று முறை பணம் கொடுத்தேன்; நடுக்கம் போகவில்லை. கடைசியில் த்ராட்டில் பாடிக்குப் பின்னால் இருந்த கேஸ்கட் ஒரு மூலையில் நசுங்கிக் கிடந்தது தெரிந்தது. அதன் விலை, மாற்றிய சென்சாரின் விலையில் ஒரு சிறு துளி. அன்றிலிருந்து ஒரு கருத்து எனக்கு உறுதிப்பட்டது. வீட்டில் இந்த வேலையைச் செய்ய நினைப்பவர், ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பு செலவிடும் நேரம்தான் உண்மையான வேலை. கழற்றி மாட்டுவது அதன் வால்.

இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையும், பாடியில் லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன், வீல்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் என வரிசையாக எழுந்த ஆலைகளும், ஆவடியில் டாங்கிகளுக்கு எஞ்சின் செய்யும் எஞ்சின் ஃபேக்டரியும் சேர்ந்து, இரண்டு தலைமுறையாக இரும்போடு பழகிய கைகளை இங்கே உருவாக்கியிருக்கின்றன. எந்தத் தெருவிலும் ஒரு ஃபிட்டரோ டர்னரோ ஓய்வுபெற்று உட்கார்ந்திருப்பார். ஹெட்டின் முகம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஸ்டிரெயிட் எட்ஜ் வேண்டும் என்றால் கேட்டு வாங்கலாம். மரை போன துளைக்கு ஹெலிகாயில் போட வேண்டும் என்றால் லேத் பட்டறை பக்கத்திலேயே கிடைக்கும். வேறு ஊரில் இருப்பவருக்கு இது எளிதில் வாய்க்காது.

எல்லா வண்டிக்கும் ஒரே மருந்து கிடையாது. அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கேஸ்கட். ஒன்று கொதிக்கும், மற்றொன்று குளிரும். நடுவில் மாட்டிக்கொண்ட கேஸ்கட் சீக்கிரம் எரிந்துபோகும். கார்புரேட்டர் காலத்து மாருதி 800-இல் மேனிஃபோல்டு வழியாகவே கூலன்ட்டும் ஓடும். அங்கே கேஸ்கட் போனால் காற்று மட்டுமல்ல, தண்ணீரும் சிலிண்டருக்குள் போக வாய்ப்புண்டு. இதன் பெரிய வடிவத்தை அமெரிக்கா பார்த்தது. ஜெனரல் மோட்டார்ஸின் 3.1, 3.4, 3.8 லிட்டர் வி6 எஞ்சின்களில் நைலான் சட்டம் வைத்த இன்டேக் கேஸ்கட்டுகள் தளர்ந்து, கூலன்ட் எஞ்சின் ஆயிலில் கலந்தது. அதைப் பற்றிய கூட்டு வழக்கு 2008-இல் சமரசத்தில் முடிந்தது. ஆகவே ரேடியேட்டர் தண்ணீர் காரணமில்லாமல் குறைகிறது, டிப் ஸ்டிக்கில் ஆயில் பாலேடு போல வெளுத்திருக்கிறது என்றால், வண்டியை ஓட்டாதீர்கள். அது ஐடிலிங் பிரச்சினை அல்ல, பேரிங்கைத் தின்னும் பிரச்சினை.

இன்றைய சிறு கார்களில் மேனிஃபோல்டு பிளாஸ்டிக். அடைப்பாக இருப்பது காகிதமோ கிராஃபைட்டோ அல்ல, பள்ளத்தில் பொருந்திய ரப்பர் வளையம். சித்திரை வைகாசி வெயிலில், பூந்தமல்லி சாலையில் ஏ.சி. போட்டுக்கொண்டு ஊர்ந்துபோகும் காரின் பானெட்டுக்குள் அந்த ரப்பர் வெந்து, நாளாக ஆகத் தட்டையாகி, நெகிழ்வை இழக்கிறது. கையில் எடுத்து மடித்தால் பிளாஸ்டிக் போல விறைப்பாக இருக்கும். பைக்குகளில் கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாயோ, பேக்கலைட் துண்டும் ஓ-ரிங்கும் சேர்ந்த ஜோடியோ இருக்கும். அங்கே ரப்பரில் மயிரிழை வெடிப்பு. ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றும் டூ-ஸ்ட்ரோக் மொபெட்டுகளில் இது இன்னும் ஆபத்து. காற்று கூடினால் பெட்ரோல் மட்டுமல்ல, அதில் கலந்த ஆயிலும் அந்த அளவுக்குக் குறைகிறது. சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

டீசலின் கதை தலைகீழ். தொழிற்பேட்டையில் சாமான் ஏற்றித் திரியும் பழைய டாடா ஏஸின் 702 சிசி எஞ்சினில் டர்போவும் கிடையாது. பெட்ரோல் எஞ்சின் போல மேனிஃபோல்டில் பெரிய வெற்றிடமும் கிடையாது. கேஸ்கட் விட்டுப்போனாலும் ஐடிலிங் மாறாது, நடுங்காது, ஒரு குறையும் தெரியாது. ஆனால் ஏர் ஃபில்டரைத் தாண்டாத தூசுக்காற்று நாள் முழுதும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ரிங்கும் லைனரும் தேய்ந்து, ஆயில் குறைந்து, புகை வந்த பிறகுதான் உரிமையாளர் விழிப்பார். சத்தம் போடுகிற கசிவைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இந்த மௌனக் கசிவுதான். மேனிஃபோல்டு சேரும் விளிம்பில் புழுதிக் கோடு தெரிகிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். டர்போ வண்டிகளில், பாரம் ஏறும்போது மேனிஃபோல்டில் அழுத்தம் கூடுவதால், காற்று உள்ளே வராமல் வெளியே சீறும்; இழுவை குறையும், டீசலானால் கரும்புகையும் வரும்.

இனி கண்டறிதல். கேஸ்கட்டைச் சந்தேகிப்பதற்கு முன்பு ரப்பர் ஹோஸ்களைச் சந்தேகிக்க வேண்டும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் பெரிய ஹோஸ், எஞ்சின் ஆவியைத் திருப்பி இழுக்கும் பி.சி.வி. வால்வின் ஹோஸ், பெட்ரோல் ஆவிக் கேனிஸ்டரின் குழாய், இன்ஜெக்டர்களின் அடி ஓ-ரிங் ஆகிய எல்லாமே மேனிஃபோல்டின் வெற்றிடத்தோடு இணைந்தவை. எஞ்சின் ஓடும்போது மூக்கு இடுக்கியால் ஒவ்வொரு சிறு ஹோஸையும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது ஐடிலிங் சீராகிறதோ அந்தப் பாதையில்தான் கசிவு. பிரேக் ஹோஸை மட்டும் வண்டி நிற்கும்போது, நியூட்ரலில், கை பிரேக் போட்டுவிட்டுச் சோதியுங்கள். பலருக்கு இந்த இடத்திலேயே விடை கிடைத்துவிடும். மேனிஃபோல்டைக் கழற்றவே வேண்டியிருக்காது.

அடுத்தது காது. ஒரு மீட்டர் நீளத் தோட்டத்து ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் கேஸ்கட் விளிம்பு நெடுகக் கொண்டுபோனால், கசியும் இடத்தில் விசில் தெளிவாகக் கேட்கும். பெல்ட்டிலிருந்தும் ஃபேனிலிருந்தும் கை, துண்டு, ஹோஸ் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். அதன் பிறகு தண்ணீர். துணி இஸ்திரி போடத் தெளிக்கும் பாட்டிலில் நீரை எடுத்து, விளிம்பில் சிறிது சிறிதாகப் பீய்ச்சினால், கசிவுள்ள இடத்தில் நீர் உறிஞ்சப்படும். சத்தம் மாறும், ஐடிலிங் ஒரு கணம் தடுமாறும். பிளக் ஒயர்களிலும் மின் கனெக்டர்களிலும் படாமல் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பட்டறைகளில் தண்ணீருக்குப் பதில் கார்புரேட்டர் கிளீனரையோ, சில சமயம் பெட்ரோலையே கூடவோ தெளித்துப் பார்க்கிறார்கள். ஆவி உள்ளே போனதும் ஆர்.பி.எம். மாறுவதால் துல்லியமாக இடம் காட்டும் முறைதான் இது. ஆனால் பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பழுக்கக் காய்ந்திருக்கிறது. அடுக்குமாடியின் ஸ்டில்ட் பார்க்கிங்கில், பத்து வண்டிகளுக்கு நடுவே, வீட்டுக்காரர் ஒருவர் இதைச் செய்வதை நான் ஒருபோதும் ஆமோதிக்க மாட்டேன். ஊதுபத்திப் புகையைக் காட்டி எங்கே இழுக்கிறது என்று பார்க்கும் முறைக்கும் இதே பதில். அதன் நுனியில் இருப்பது நெருப்பு. தண்ணீரில் கிடைக்காத விடையைத் தேடி நெருப்போடு விளையாட வேண்டாம். நல்ல பட்டறைகளில் ஸ்மோக் மெஷின் வைத்திருக்கிறார்கள்; எஞ்சினை நிறுத்திவிட்டு மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்துவார்கள்; புகை கசியும் இடத்தில் வெளியே எட்டிப் பார்க்கும். அந்த ஒரு சோதனைக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு வந்து, மீதி வேலையை வீட்டில் செய்துகொள்ளலாம்.

கருவி வாங்க விருப்பமுள்ளவருக்கு இரண்டு. ஒன்று வெற்றிட மீட்டர். சென்னை கடல் மட்டத்தில் இருப்பதால் உயரத்துக்குக் கழிவு போடாமல் நேராகவே படிக்கலாம்: நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும். முள் அதைவிடத் தாழ்வாக, அசையாமல் நின்றால் மேனிஃபோல்டு கசிவைச் சந்தேகிக்கலாம். மற்றொன்று, மொபைலோடு இணையும் ஓ.பி.டி. ஸ்கேனர். அதில் ‘ஃபியூயல் டிரிம்’ என்ற எண்ணைப் பாருங்கள். கலவையில் காற்று கூடிவிட்டது என்று ஆக்சிஜன் சென்சார் சொன்னால், கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கும். டிரிம் கூட்டல் குறியோடு ஏறும். ஐடிலிங்கில் 10, 15 சதவீதத்துக்கு மேல் நின்று, 2,500 ஆர்.பி.எம்.மில் பூஜ்யத்தை நெருங்கினால், அது காற்றுக் கசிவு. முன்பு சொன்ன கணக்கு இங்கே கைகொடுக்கிறது. வேகம் கூடினாலும் டிரிம் இறங்கவில்லை என்றால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் பாருங்கள்; கேஸ்கட்டைத் தொடாதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த டிரிம் பாடம் பெரும்பாலும் காற்றின் எடையை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களை வைத்து எழுதப்பட்டது. நம் ஊர்ச் சிறு கார்கள் பலவற்றில் இருப்பது மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். அதில் கசிவு வழியே நுழையும் காற்றும் அழுத்தத்தைக் கூட்டுவதால், கணினி அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் கொடுத்துவிடும். டிரிம் பெரிதாக மாறாது; செக் எஞ்சின் விளக்குகூட எரியாமல் இருக்கலாம். ஐடிலிங் மட்டும் உயர்ந்தே நிற்கும். “ஸ்கேனில் ஒன்றும் இல்லை” என்று பட்டறையில் சொன்னால் அது கசிவு இல்லை என்பதற்குச் சான்றல்ல.

எத்தனால் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பம்ப்பில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், அதற்கென டியூன் செய்யப்படாத கார்புரேட்டர் பைக்கில் கலவை இயல்பாகவே காற்று கூடியதாகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வருவதற்கு முன்பு விற்ற பைக்குகளில் மிகப் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை. அவற்றில் தானே திருத்திக்கொள்ளக் கணினி இல்லை. அதன் மேல் மேனிஃபோல்டு ஓ-ரிங்கும் கசிந்தால் இரண்டு குறைகள் கூடிவிடும். பழைய வண்டிக்கு ஓ-ரிங் வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பர் வளையத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

கேஸ்கட்தான் என்று உறுதியான பிறகு ஸ்பேனரை எடுக்கலாம். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் லைனில் அழுத்தம் இறங்கும். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஹோஸையும் கனெக்டரையும் கழற்றும் முன் மொபைலில் படம் எடுங்கள். போல்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரு முனையை முழுதாகக் கழற்றிவிட்டால் மேனிஃபோல்டு வளைந்துவிடும். போர்ட்டுகளை உடனே சுத்தமான துணியால் அடையுங்கள். உள்ளே விழும் ஒரு வாஷர் ஹெட்டையே கழற்ற வைத்துவிடும்.

பழைய கேஸ்கட்டின் மிச்சத்தைச் சுரண்டும் இடத்தில்தான் வீட்டு வேலைகள் கெடுகின்றன. அலுமினிய ஹெட்டில் உளியோ ஹேக்ஸா பிளேடோ பட்டால் விழும் கீறல், புதுக் கேஸ்கட்டின் கசிவுப் பாதையாகிவிடும். பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும். அம்பாசடர், ஜீப் போன்ற பழைய வண்டிகளில் ஒட்டியிருப்பது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைக் காய்ந்த நிலையில் சுரண்டவே கூடாது. நனைத்து, ஈரத்தோடு எடுத்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அந்த இழை நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்குவது.

சுத்தமான முகத்தின் மேல் ஸ்டிரெயிட் எட்ஜை வைத்து, அடியில் 0.1 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். எளிதாக நுழைந்தால் முகம் வளைந்திருக்கிறது. எத்தனை கேஸ்கட் போட்டாலும் நிற்காது. பைக்கின் சின்ன மேனிஃபோல்டை, தடித்த கண்ணாடி மேல் எமெரி ஷீட்டை விரித்து, எட்டு வடிவத்தில் தேய்த்து வீட்டிலேயே சமப்படுத்தலாம். கார் மேனிஃபோல்டானால் லேத் பட்டறையில் ஃபேசிங் அடித்து வாங்குங்கள்.

சிலிகான் பசையைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். சென்னைக் கம்பெனியின் பேராலேயே நம் மெக்கானிக்குகள் ‘அனாபாண்ட்’ என்று சொல்லும் ஆர்.டி.வி. சிலிகான், ஆயில் சம்ப்புக்கு அருமையான பொருள். பெட்ரோல் ஆவி ஓடும் இன்டேக் போர்ட்டில் சாதாரண சிலிகான் ஊறி வீங்கும். பிதுங்கிய துணுக்கு பிய்ந்து வால்வுக்குள் போகும். கம்பெனி மேனுவல் குறிப்பிட்டுச் சொல்லாத வரை இன்டேக் கேஸ்கட்டை உலர்வாகவே மாட்டுங்கள். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடுவதும், கெட்டி அட்டையை வெட்டி கிரீஸ் தடவிப் போடுவதும் நடுவழியில் வீடு சேர உதவுமே தவிர, பழுதுபார்ப்பு ஆகாது. பழைய வண்டிக்குக் கேஸ்கட் கிடைக்கவில்லை என்றால், கடையில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத பேக்கிங் ஷீட் வாங்கி, மேனிஃபோல்டு விளிம்பின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி வெட்டும் கலை தெரிந்தவர்கள் தொழிற்பேட்டையைச் சுற்றி இன்னும் இருக்கிறார்கள்.

முடுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக. எல்லாப் போல்டையும் முதலில் கையால் ஏற்றுங்கள். மரை சரியாகப் பிடித்திருக்கிறது என்று தெரிந்த பிறகே ஸ்பேனர். கடைசிச் சுற்று டார்க் ரெஞ்சில், அந்த எஞ்சினின் மேனுவல் சொல்லும் அளவுக்கு. பிளாஸ்டிக் மேனிஃபோல்டுக்கு அந்த அளவு குறைவு. பலத்தைக் காட்டினால் போல்டு உட்காரும் காது உடையும். டார்க் ரெஞ்ச் இல்லை என்றால் ஒரு நாள் இரவல் வாங்குங்கள். ‘கை அளவு’ முப்பது வருஷம் வேலை செய்த ஃபிட்டருக்குத்தான் சரியாக வரும்.

ஸ்டார்ட் செய்த பிறகு அதே தண்ணீர்ச் சோதனை, அதே டிரிம் எண், அதே ஹோஸ் காது. கணினி பழைய திருத்தத்தை நினைவில் வைத்திருக்கும் என்பதால், சில நாள் ஓட்டிய பிறகு டிரிம்மை மறுபடி பாருங்கள்.

வாரண்டியில் உள்ள வண்டியையும், உயர் அழுத்த பம்ப் வைத்த நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினையும் வீட்டில் தொட வேண்டாம். 2015 டிசம்பரிலும், 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் பார்த்தது போல வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை, ஐடிலிங் பார்க்கலாம் என்று ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள். இன்டேக்கில் தண்ணீர் நின்றிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மற்ற வண்டிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை ஒருவர் “ஏர் எடுக்குது சார்” என்றால், எதையும் மாற்ற ஒப்புக்கொள்வதற்கு முன்பு, எங்கே எடுக்கிறது என்று உங்கள் கண் முன்னால் தண்ணீர் தெளித்துக் காட்டச் சொல்லுங்கள்.